ஓடி வரும் தூரம்

2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஊர் திரும்பிய தங்கராசு நடராஜனைச் சின்னப்பம்பட்டி மக்கள் குதிரைகள் பூட்டிய ரதத்தில் ஏற்றி ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். மேளமும் மாலையும் கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்த கைகளுமாக இருந்த அந்தக் காட்சியை ராசிபுரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து பலமுறை பார்த்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே தறிச்சத்தத்தையும் கோழிப்பண்ணை வாடையையும் கேட்டும் முகர்ந்தும் வளர்ந்தவர்களுக்கு, உலகம் முழுவதும் பார்க்கும் ஒரு விளையாட்டில் நம் பக்கத்துப் பேச்சு வழக்கோடு ஒருவர் நிற்பது சின்ன விஷயமில்லை.

அடுத்த சில நாட்கள் அவரைப் பற்றி வந்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். நாளிதழ்க் கட்டுரைகள், வார இதழ்ப் பேட்டிகள், தொலைக்காட்சித் தொகுப்புகள், பள்ளி ஆண்டுவிழாவில் மாணவர்கள் ஒப்பித்த உரைகள். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. யார் எழுதினாலும் கதை ஒன்றாகவே இருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். நடராஜன் என்ற ஆட்டக்காரரைக் குறைசொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. அவரைச் சொல்லும் முறையில் நம் வீட்டுப் பெண்கள் என்னவாகிறார்கள் என்பதே என் கேள்வி.

முதலில் அவருடைய பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் பார்க்காத தோழிகளுக்கும் இது தேவைப்படும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்தவர். தந்தை சேலை நெய்யும் இடத்தில் கூலி. தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். ஊர் மைதானங்களில் டென்னிஸ் பந்தில் ஆடியவரை ஏ. ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் வழிகாட்டி சென்னைக்கு அழைத்துப் போனார். அங்கே லீக் போட்டிகளின் கீழ்ப்பிரிவிலிருந்து மேலேறி, 2015 ஜனவரியில் ரஞ்சி கோப்பையில் தமிழ்நாட்டுக்காக முதல் ஆட்டம். ஆடிய வேகத்திலேயே அவருடைய பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற சந்தேகம் எழுப்பப்பட்டது. முறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அவருடைய யார்க்கர்கள் பேசப்பட்டன. 2017 ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சமாக இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டே விலை 40 லட்சமாக இறங்கியது. ஐதராபாத் அணிக்குப் போனார். 2020 ஐபிஎல்லில் 16 விக்கெட் எடுத்த பிறகு ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக அழைக்கப்பட்டார். மற்றவர்கள் காயம்பட்டு விலக விலக அணிக்குள் வந்தார். டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், 4ஆம் தேதி அங்கேயே இருபது ஓவர் ஆட்டம், ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். பிரிஸ்பேனில் இந்தியா வென்றபோது கேப்டன் ரஹானே கோப்பையை அவர் கையில் கொடுத்தார்.

இந்த வாழ்க்கையைச் சொல்லும் கதைக்கு நிலையான படிகள் உண்டு. குடிசை, தாயின் கடை, டென்னிஸ் பந்து, குரு, யார்க்கர், ரதம். இரண்டாவது படியில்தான் பெண் வருகிறாள். வந்ததும் ஒரே சொல்லில் முடிந்துபோகிறாள்: தியாகம். 'தாயின் தியாகத்தால் உயர்ந்த தனயன்.' அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் அதற்குமேல் அவளைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. தியாகத்துக்கு நேரக் கணக்கு கிடையாது, கூலி கிடையாது, முதுகுவலி கிடையாது. அதைப் போற்றினால் போதும்.

சாலையோரக் கோழிக்கறிக் கடை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். நாமக்கல் கோழிகளின் ஊர். முட்டையும் பிராய்லரும் லாரி லாரியாக வெளியே போகின்றன. அந்தத் தொழிலின் கடைசி நுனியில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி, ஓர் அடுப்பு, எண்ணெய்ச் சட்டியோடு சாயந்திரம் கடை விரிப்பவர்களில் பலர் பெண்கள். ராசிபுரம் சாலையில் நான் வழக்கமாக வாங்கும் சில்லி சிக்கன் கடை அக்காவிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன்.

"ராத்திரி எத்தன மணிக்குக்கா படுப்பீங்க?"

"எங்க கண்ணு படுக்கறது? எண்ணெய வடிச்சு, சட்டியத் தேச்சு, வண்டியத் தள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போயி, பாத்திரமெல்லாம் கழுவி வெச்சாப் பன்னெண்டு ஆயிரும். காலைல அஞ்சுக்கெல்லாம் எந்திரிச்சாத்தான் பசங்களுக்குச் சோறாகும். அப்பறம் கறி வாங்கப் போவோணும், கழுவோணும், மசாலாப் பொரட்டோணும்."

"பையன் எங்கீங்க? கூடமாட இருக்கறதில்லையா?"

"அவன் கிரவுண்டுக்குப் போயிருக்கான். நல்லா ஆடறானாம். நம்ம நடராஜனாட்டம் வருவான்னு வாத்தியாரு சொன்னாரு."

"பாப்பா?"

அக்கா சிரித்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கண்ணால் காட்டினார். "இவ இல்லாட்டி கடையே ஓடாது கண்ணு."

அந்தப் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். நிமிரவில்லை. கை நிற்கவும் இல்லை.

இந்த உரையாடலுக்குப் பிறகுதான் நடராஜன் கதையில் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது எது என்று பிடிபட்டது. வேகப்பந்து வீசுபவர் நின்ற இடத்திலிருந்து பந்தை விடுவதில்லை. பதினைந்து இருபது அடிவைப்பு ஓடி வருகிறார். வேகமும் தாளமும் அந்த ஓட்டத்தில் கூடுகின்றன. ஓடி வர இடம் இல்லாவிட்டால் எத்தனை திறமை இருந்தாலும் பந்து போய்ச் சேராது. ஒருவருடைய தொழில் வாழ்க்கைக்கும் இது பொருந்தும். நடராஜன் பந்தை விட்ட கணத்திலிருந்து எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் ஓடி வந்த தூரத்தை யார் போட்டுக் கொடுத்தார்கள் என்பதை எழுதுவதில்லை.

2015இல் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று வந்த பிறகு, ஓர் இளைஞர் தன் உடல் பழகிய அசைவைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பழக வேண்டும். கை எங்கிருந்து வருகிறது, முழங்கை எந்த இடத்தில் மடங்குகிறது, பாதம் எங்கே ஊன்றுகிறது என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். சென்னையில் பயிற்சியாளர்கள் உதவினார்கள். அவர்கள் பெயர் எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கூலிக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, சம்பாதிக்க வேண்டிய வயதில், வருமானம் நிச்சயமில்லாத ஒரு தொழிலுக்காக மாதக்கணக்கில் உடலைத் திருத்திக்கொண்டிருக்க முடிந்தது என்றால் அந்தக் காலத்துக்கான உலை எங்கோ எரிந்துகொண்டிருந்தது என்று பொருள். அந்த அடுப்பு எரிந்த நேரத்தையும் பயிற்சி நேரத்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஒரு நிறுவனம் வீரருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் அதை ஆதரவு என்கிறோம். ஒரு தாய் கடை போட்டுக் கொடுத்தால் தியாகம் என்கிறோம். முதலாவது முதலீடாக மதிக்கப்படுகிறது. இரண்டாவது கண்ணீராக உலர்ந்துபோகிறது.

நடராஜன் தன் சட்டையின் முதுகில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டு ஆடியது பலருக்கு நினைவிருக்கும். ஜேபி என்பது ஜெயப்பிரகாஷ். நன்றியுள்ள மனிதர், பட்ட கடனை உலகம் பார்க்க முதுகில் எழுதிக்கொண்டார். அதை நான் மதிக்கிறேன். குருவுக்குப் பட்ட கடனுக்கு நம் மரபில் ஒரு வடிவம் இருக்கிறது. பெயர் சொல்லலாம், காணிக்கை வைக்கலாம், திருப்பிச் செலுத்தவும் செய்யலாம். தாய்க்குப் பட்ட கடனைத் தீர்க்கவே முடியாது என்று சொல்லிச் சொல்லி, அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டோம். அந்தத் தாயின் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணமும் உண்டு. பெயரைச் சேர்த்துவிட்டால் நியாயம் செய்துவிட்டதாக நமக்கு ஒரு நிறைவு வந்துவிடுகிறது. அவர் மேடை கேட்டவர் இல்லை. அவர் செய்த வேலைக்கு வேலை என்ற மதிப்பு வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

இனி மைதானத்துக்கு வருகிறேன். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருமுனையில் தம்பிமார் ஆடுவார்கள். பந்து எங்கள் வீட்டு ஓட்டின்மேல் விழும், அல்லது வாசல் தாண்டி உள்ளே உருண்டு வரும். "அக்கா, பந்த எடுத்துப் போடுக்கா!" என்று ஒரு குரல் வரும். எடுத்துப் போடுவேன். எங்கள் தெருவின் கிரிக்கெட்டில் பெண்களின் பங்கு அதுதான். ஒருநாள் பந்தை வாங்கிக்கொண்டு ஓடிய பையன் திரும்பிப் பார்த்து, "பொம்பளப் புள்ளையாட்டமே எறியறே" என்றான். நான் பெண்பிள்ளைதான். ஆனால் அது வசவு என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அந்த வசவையே தலைப்பாக்கி அமெரிக்கப் பெண்ணிய மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்பிள்ளை பந்தை எறியும்போது முன்கை மட்டும் அசைகிறது, தோளும் இடுப்பும் காலும் அதில் சேர்வதில்லை, ஏன்? தசையில் குறை என்று எளிதாகச் சொல்லிவிடும் பதிலை அவர் ஏற்கவில்லை. தன் உடலைப் பிறர் பார்க்கும் பொருளாகவும், காயம்படாமல் காக்க வேண்டிய பண்டமாகவும் பழகிக்கொள்ளும் பெண், தன்னைச் சுற்றியுள்ள வெளியை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை என்றார். அவளைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத வட்டம் இருக்கிறது. அசைவெல்லாம் அதற்குள்தான்.

யங் எழுதியதை முதன்முறை படித்தபோது எங்கள் பள்ளி விளையாட்டு நேரம்தான் நினைவுக்கு வந்தது. பாவாடை தாவணியின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு வளையப்பந்து ஆடுவோம். ஓட மாட்டோம். ஓடினால் என்னென்ன குலுங்கும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆண்கள் பக்கத்துக்கு மைதானம், எங்களுக்கு வேப்பமரத்தடி. வேகப்பந்துக்கு வேண்டியது ஓட்டம், குதிப்பு, முழுத் தோளையும் சுழற்றுதல், விழுந்தால் விழட்டும் என்ற துணிச்சல். அதாவது அந்த வட்டத்தை உடைக்கும் எல்லாமும். யார்க்கர் என்பது மட்டையாளரின் காலடியில், மட்டைக்கு அடியில் விழும் பந்து. விரற்கடை பிசகினால் அது அடிப்பதற்கு வாகான பந்தாகிவிடும். நடராஜன் அதைப் பழகியது ஆயிரமாயிரம் முறை தவறாக வீசித்தான் இருக்கும். தவறாக வீசுவதற்கான உரிமை பெரிய உரிமை. எங்களில் யாருக்கும் அது இருந்ததில்லை.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் எங்கள் சமவெளியைப் பற்றி எழுத முடியாது. நடராஜன் பிறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1992இல், தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன இடமாக எங்கள் மாவட்டம் அப்போது பேசப்பட்டது. நாமக்கல் அன்று சேலத்தோடு சேர்ந்திருந்தது, 1997இல்தான் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேர். மாநிலத்தின் சராசரி 942. நடராஜன் டென்னிஸ் பந்தைக் கையில் எடுத்த வருடங்களில், அதே மண்ணில், பந்து எடுத்துப் போடக்கூட வராமல் போன சிறுமிகள் அவர்கள்.

இந்த எண்ணுக்கு நடராஜனோ அவர் குடும்பமோ பொறுப்பில்லை. அவருக்குத் தங்கைகள் இருக்கிறார்கள். ஆனால் 'திறமை இருந்தால் எந்தக் குடிசையிலிருந்தும் வரலாம்' என்று ரதத்தின் பின்னால் நின்று பேசும்போது, எந்தக் குடிசையிலிருந்தும் யார் வரலாம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. வறுமையைத் தாண்டிய கதையைச் சொல்லும்போது வறுமையை மட்டும் தடையாகக் காட்டினால், அதே வறுமைக்குள் இன்னொரு வாசல் பூட்டப்பட்டிருந்தது தெரியாமலே போகும்.

ஆஸ்திரேலியப் பயணத்தின்போதே இந்தக் கதையில் இன்னொரு விரிசல் தெரிந்தது. 2020 நவம்பரில், ஐபிஎல் இறுதிக்கட்ட ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்த நாட்களில், நடராஜனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் துபாயிலிருந்து நேரே ஆஸ்திரேலியா போனார். குழந்தையின் முகத்தை ஜனவரியில் ஊர் திரும்பிய பிறகுதான் பார்த்தார். அதே பயணத்தில் கேப்டன் விராட் கோலி முதல் டெஸ்ட் முடிந்ததும் தன் குழந்தையின் பிறப்புக்காக நாடு திரும்பினார். இரண்டு பேருக்கும் இரண்டு விதிகளா என்று சுனில் கவாஸ்கர் தன் பத்தியில் எழுதினார். அது சரியான கேள்வி. வலைப்பயிற்சிக்கு வந்தவருக்கு விடுப்புக் கேட்கும் தைரியம் எப்படி வரும்? விட்டுப் போனால் திரும்பி வர இடம் இருக்குமா? தந்தைமைகூட வர்க்கத்தைப் பார்த்துத்தான் கிடைக்கிறது.

ஆனால் கவாஸ்கரின் கேள்வியையும் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவரை நவீனத் தந்தை என்று பாராட்டினோம். இன்னொருவரை நாட்டுக்காகப் பிள்ளை முகம் பாராதவர் என்று பாராட்டினோம். இரண்டு பாராட்டிலும் பிள்ளை பெற்றவள் இல்லை. தலைப்பிரசவம், கொரோனா காலம், கணவன் கடல் கடந்து, திரும்பும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அந்த இரண்டு மாதத்து இரவுகளை நாட்டுக்கான சேவையாக யாரும் எழுதவில்லை. முன்பு தாய் போட்ட ஓட்டப்பாதையை இப்போது மனைவி நீட்டித்துப் போடுகிறாள். கதை அவளைத் தாண்டி ஓடிவிடுகிறது.

பெண்ணே பந்து வீசும் கதையைத் தமிழில் சொன்னது 2018இல் வந்த 'கனா'. அருண்ராஜா காமராஜ் இயக்கியது. குளித்தலையைச் சேர்ந்த விவசாயியின் மகள் கௌசல்யா, ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தது, சுழற்பந்து வீசி இந்திய அணிவரை போகிறாள். நான் தியேட்டரில் அழுதுகொண்டே பார்த்த படம் அது. இன்றும் என் மாணவிகளுக்குப் பரிந்துரைக்கிறேன். ஆனால் நடராஜன் கதையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று துலங்குகிறது. மகன் ஆட்டக்காரனானால் தாய் தியாகி. மகள் ஆட்டக்காரியானால் தாய் தடை. கனவு தந்தையிடமிருந்து வருகிறது. இந்தியா தோற்றதற்காக அப்பா அழுததைப் பார்த்துத்தான் கௌசல்யா பந்தை எடுக்கிறாள். ஊர் என்ன பேசும் என்று அஞ்சி வழிமறிப்பவள் அம்மா.

அந்த அச்சம் பொய்யில்லை. மகள் பையன்களோடு ஆடினால் ஊர் கேள்வி கேட்பது தாயைத்தான். 'வளர்த்த லட்சணம்' என்ற சொல் தந்தையை நோக்கி வருவதில்லை. தண்டனை யாருக்குக் கிடைக்கும் என்று தெரிந்தவள்தான் தடுக்கிறாள். திரைக்கதை அந்தத் தண்டனையை விரிவாகக் காட்டாமல் தாயின் கோபத்தை மட்டும் காட்டும்போது, ஊரின் குற்றம் அவள் முகத்தில் ஏறிவிடுகிறது. ராசிபுரம் சாலை அக்காவை நினைத்துக்கொள்கிறேன். மகனை மைதானத்துக்கு அனுப்பியதால் அவர் தியாகி. மகளைக் கடையில் வைத்திருப்பதால் அவர் தடை. இரண்டும் ஒரே பெண்தான். ஒரே அடுப்பிலிருந்துதான் இரண்டு முடிவையும் எடுக்கிறார். மகளும் மைதானத்துக்குப் போய்விட்டால் வெங்காயத்தை யார் நறுக்குவது என்ற கேள்விக்கு அவரைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல வரப்போவதில்லை.

பெண் வேகப்பந்து வீச்சாளர்கள் நிஜத்திலும் இருந்திருக்கிறார்கள். சென்னையின் நிரஞ்சனா நாகராஜன் 2014 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வார்ம்ஸ்லியில் தன் முதல் டெஸ்டில் 19 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 92 ரன்னில் சுருண்டது, இந்தியா வென்றது. அந்த அணியில் எட்டுப் பேர் டெஸ்டுக்குப் புதியவர்கள். காரணம் எளியது: இந்தியப் பெண்களுக்கு அதற்கு முந்தைய டெஸ்ட் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்திருந்தது. அந்த வெற்றிக்குப் பிறகும் 2014 நவம்பரில் மைசூரில் ஒரு டெஸ்ட் ஆடினார்கள். அதற்கடுத்தது 2021இல். ஒரு வேகப்பந்து வீச்சாளரின் நல்ல வயது ஆறேழு ஆண்டுதான். அது முழுவதும் ஆட்டமே இல்லாமல் கரைந்துபோகலாம். வங்காளத்தின் சக்தகாவிலிருந்து ரயிலேறிக் கொல்கத்தாவுக்குப் பயிற்சிக்குப் போன ஜூலன் கோஸ்வாமி 255 ஒருநாள் விக்கெட்டுகளோடு 2022இல் ஓய்வுபெற்றார். நடராஜனின் யார்க்கரைப் பற்றிப் பேசும் எங்கள் ஊர்ப் பையன்களிடம் ஜூலன் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

நிலைமை மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்ட ஊதியம் என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், இருபது ஓவருக்கு 3 லட்சம். ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கை சமமில்லாதபோது ஓர் ஆட்டத்துக்கான ஊதியம் சமமாவதில் எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். 2023இல் பெண்களுக்கான பிரீமியர் லீக் வந்தது. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அணி நடராஜனை 10.75 கோடிக்கு எடுத்தது. அடுத்த மாதம் நடந்த பெண்கள் ஏலத்தில் தமிழ்நாட்டின் பதினாறு வயது கமலினியை மும்பை அணி 1.60 கோடிக்கு எடுத்தது. இடைவெளி பெரிதுதான். ஆனாலும் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்த அன்று நான் என் வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், அவங்க அம்மா என்ன கடை வெச்சிருக்காங்க?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதையின் இரண்டாவது படியை அவள் எவ்வளவு சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்!

நடராஜன் இந்தியாவுக்காக ஆடியது ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர் ஆட்டங்கள். 2021 மார்ச்சில் புனேவில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன் தேவைப்பட்டபோது பந்து அவர் கையில்தான் கொடுக்கப்பட்டது. எதிரே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த சாம் கரன். நடராஜன் அந்த ஓவரை வென்று கொடுத்தார். பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை, காயங்கள், இந்திய அணியில் வேறு முகங்கள். தொழில்முறைப் பந்துவீச்சாளரின் உடல் எவ்வளவு சீக்கிரம் மாற்றத்தக்கதாகிறது என்பதையும் அவர் வாழ்க்கை காட்டுகிறது. அதையும் ரதக் கதை சொல்வதில்லை. கூலிக் குடும்பத்து ஆணின் உடலும் இந்தச் சந்தையில் தேயும் பொருள்தான். அந்த இடத்தில் அவருக்கும் கடை அடுப்பில் வேகும் பெண்ணுக்கும் இடையே ஓர் உறவு இருக்கிறது. தியாகம் என்ற சொல் அதையும் மறைத்துவிடுகிறது.

அவர் தன் பணத்தில் சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்துவைத்தார். தான் ஓடி வர இடம் இல்லாமல் தவித்தவர், தன் பின்னால் வருபவர்களுக்கு ஓடி வர இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவரைப் பற்றி வந்த எல்லாச் செய்திகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தாயின் கடைக்குப் பிறகு அந்த ஊரில் நடந்த பெரிய முதலீடு அது என்று சொல்வேன்.

இனி அந்த மைதானத்தையும் எங்கள் பக்கத்து ஒவ்வொரு மைதானத்தையும் நான் அளக்கப்போவது ஒன்றைக் கொண்டுதான். சாயந்திரம் ஐந்து மணிக்கு, கடை விரிக்கும் நேரத்தில், ஒன்பதாவது படிக்கும் பெண் அங்கே பந்தோடு ஓடி வர முடிகிறதா? அதற்கு மைதானத்தில் பெண்களுக்கென்று நேரமும் கழிப்பறையும் வேண்டும், திரும்பிவரப் பேருந்து வேண்டும், பள்ளியில் பயிற்சி தரும் ஆசிரியை வேண்டும். அவற்றோடு அவள் விட்டுவந்த வெங்காயத்தை நறுக்க அவள் அண்ணன் வேண்டும்.

போன வாரம் அக்கா கடைக்குப் போயிருந்தேன். கறி பொரியும்வரை அந்தப் பெண்ணிடம், "பந்து வீசியிருக்கியா கண்ணு?" என்று கேட்டேன். முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுக்குப் பின்னாடி, செவுத்துல எறிவேன் மிஸ். அண்ணன் இல்லாதப்ப" என்றாள். எத்தனை அடி ஓடி வந்து எறிவாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"ஓட எடமில்லீங்க மிஸ். நின்னுக்கிட்டேதான்."